டி.சி. வாங்கிய துரோகிகள்

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மந்தைவெளியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன் பத்தாவது முடித்திருந்தான். இடக்கை ஸ்பின்னர். அவன் பள்ளிக்கூட அணியில் ஏற்கெனவே இரண்டு இடக்கை ஸ்பின்னர்கள், இரண்டு பேருமே அவனைவிட ஒரு வருஷம்தான் சீனியர். ஆகவே பதினொன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போகலாம் என்று முடிவெடுத்து, டி.சி. கேட்கப் போயிருக்கிறான். பி.டி. மாஸ்டர் அவனைத் தனியே கூப்பிட்டு, “சோறு போட்ட இடத்துக்குத் துரோகம் பண்றியேடா” என்றாராம்.

அக்கா சொன்னாள்: “நீயும் ஒரு காலத்துல இப்படித்தானே குதிச்ச? நீயே அவனுக்குச் சொல்லு.”

பையன் என்னைப் பார்த்தான். “நான் பண்றது தப்பா மாமா?”

நான் அன்றைக்கு என்னவோ மழுப்பிவிட்டு டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். அவனுக்கு மட்டுமல்ல, அந்த பி.டி. மாஸ்டருக்கும், ‘இந்தக் காலத்துப் பசங்களுக்கு விசுவாசமே இல்லை’ என்று மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பேசும் எல்லாப் பெரியவர்களுக்கும்.

முதலில் அந்தச் சோறு விஷயத்தைத் தீர்த்துவிடுவோம். அந்தப் பள்ளிக்கு அக்கா பத்து வருஷம் ஃபீஸ் கட்டினாள். கிட் வாங்கியது அத்தான். நெட்ஸுக்குத் தனியாக மாசாமாசம் பணம். சோறும் டிபன் பாக்ஸில் வீட்டிலிருந்துதான் போனது. யார் யாருக்குச் சோறு போட்டார்கள்?

அடுத்து, மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் யார்தான் இடம் மாறவில்லை? இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பாதி, அப்பாவுக்கு பாங்கிலோ எல்.ஐ.சி.யிலோ வந்த டிரான்ஸ்ஃபரால் ஊர் ஊராகச் சுற்றியவை. ஓ.எம்.ஆர். கம்பெனியில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் இருந்தால், “ஏன், வெளியில கிடைக்கலையா?” என்று கல்யாண வீட்டில் கேட்கிறார்கள். ஐ.ஐ.டி. கோச்சிங்கோடு சேர்த்து பதினொன்றாம் வகுப்பு நடத்துகிற பள்ளிக்கு ஒரு பையன் மாறினால் அவனுக்கு சுவீட் கொடுத்து அனுப்புகிறார்கள். அவனை யாரும் துரோகி என்று சொன்னதில்லை. ‘விவரமான பையன்’ என்பார்கள். அதே வகுப்பில், அதே மாதத்தில், அதே காரணத்துக்காக, அதாவது தன் வேலையைத் தனக்கு இன்னும் நன்றாகக் கற்றுக்கொடுக்கும் இடம் தேடி, ஒரு ஸ்பின்னர் மாறினால் மட்டும் நன்றி கெட்டவன்.

*

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் விக்கெட் கீப்பர். இந்தச் சொல்லிலேயே என் பிரச்சனை இருக்கிறது. ஒரு அணியில் ஆறு பேட்ஸ்மேன் ஆடலாம், நாலைந்து பௌலர் ஆடலாம், கீப்பர் ஒருவன்தான். என் பள்ளியில் எனக்கு மேல் ஒருவன் இருந்தான், என் வகுப்பிலேயே. என்னைவிட நன்றாக ஆடுவான். எனக்கு அவன்மேல் கோபமே கிடையாது. சாந்தோம் பக்கம் இன்னொரு பள்ளியில் கீப்பர் இல்லை, வா என்றார்கள். டி.சி. கேட்டேன். இன்றைக்கு ஹெச்.எம். இல்லை, நாளைக்கு கிளார்க் லீவு, அடுத்த வாரம் கரெஸ்பாண்டன்ட் பார்க்கணும் என்று ஜூன் போனது, ஜூலையும் போனது. கிடைத்தபோது அங்கே அட்மிஷனும் முடிந்திருந்தது, கீப்பரும் கிடைத்திருந்தான். திரும்ப அதே பள்ளியில் போய் உட்கார்ந்தேன். இரண்டு வருஷம் ட்வெல்ஃத் மேன். ஒரு முழு ஆட்டம்கூட கிளவ்ஸ் போடவில்லை. தண்ணீர் பாட்டில் தூக்கினேன்.

நான் ஆடியிருந்தால் பெரிய ஆளாகியிருப்பேன் என்று சொல்ல வரவில்லை. ஆகியிருக்க மாட்டேன். பின்னால் லீக்கில் ஐந்தாம் டிவிஷனில் ஆடிப் பார்த்தபோது அது எனக்கே தெரிந்தது. ஆனால் அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை பதினாறு வயதில் எனக்கு இருந்தது. அதைத்தான் ஒரு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

*

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஆட்டக்காரன் ஏன் மாறுகிறான் என்பது புரிவதில்லை. ஆசை, பணம், புகழ் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது ஒரு காகிதம்.

விளையாட்டு கோட்டாவில் மத்திய அரசு வேலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு இந்தக் காகிதம் மனப்பாடம். சர்வதேசப் போட்டி என்றால் ஃபாரம் 1. மாநிலத்துக்காக தேசியப் போட்டியில் ஆடினால் ஃபாரம் 2. பல்கலைக்கழகத்துக்காக ஆடினால் ஃபாரம் 3. தேசியப் பள்ளி விளையாட்டு என்றால் ஃபாரம் 4. தமிழ்நாட்டு அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ரயில்வே, வருமான வரி, கஸ்டம்ஸ், ஐ.சி.எஃப். என்று இந்த ஊரில் ஆடி வேலைக்குப் போனவர்கள் எல்லாருக்கும் பின்னால் இப்படி ஒரு தாள் இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு அந்தத் தாள் வராது. பயிற்சிக்குத் தவறாமல் வந்தான், நல்ல பையன், பந்து பொறுக்கிப் போட்டான் என்பதற்கெல்லாம் ஃபாரம் கிடையாது.

இப்போது கல்லூரிக்கு வாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். விவேகானந்தாவில் ஆடுகிறவனும் லயோலாவில் ஆடுகிறவனும் குருநானக்கில் ஆடுகிறவனும் கடைசியில் ஒரே ஒரு பல்கலைக்கழக அணிக்குத்தான் போட்டி போட வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் அதுவே ஒரு பல்கலைக்கழகம், அதற்கென்று தனி அணி. அங்கே ஹாஸ்டல் இலவசம், சாப்பாடு இலவசம், ஃபீஸ் இல்லை, ஓ.டி. தாராளம் என்று ஒருவர் வந்து கூப்பிடுகிறார். ஆட்டோ ஓட்டுகிறவரின் மகன், கொத்து வேலை செய்கிறவரின் மகன், இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும்? ‘இல்லை சார், எங்க காலேஜ் மரத்தடி நிழல் நல்லா இருக்கும்’ என்றா?

அட்டெண்டன்ஸ் இன்னொரு காரணம். மேட்ச் ஆடப் போன நாளுக்கு ஓ.டி. போட மாட்டேன் என்று ஒரு துறைத் தலைவர் சொன்னால் போதும், அந்த செமஸ்டர் பரீட்சை காலி. கோச் மாறினாலும் மாறுவார்கள். தன்னை நம்பித் தேர்ந்தெடுத்த கோச் ஜனவரியில் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார், புது கோச் தன் பையன்களோடு வருவார். கோச் போனது ‘நல்ல ஆஃபர்’. பையன் போனால் துரோகம்.

*

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பயிற்சியாளர்களுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம், ஆடுகிறவனுக்கு வெகுகாலம் படிப்புச் செலவுதான் கிடைத்துவந்தது. அங்கே பல வருஷங்கள் இருந்த விதி இது: முதல் நிலைக் கல்லூரி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஃபுட்பால் வீரன் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். வேறு கல்லூரியோடு பேசுவதற்கே பழைய கல்லூரியின் அனுமதி வேண்டும். பயிற்சியாளருக்கு அப்படி எந்த விதியும் இல்லை, இன்று ராஜினாமா செய்து நாளை எதிரணியில் சேரலாம். 2018 அக்டோபரில்தான் அனுமதி கேட்கத் தேவையில்லை, தகவல் சொன்னால் போதும் என்று ஆனது. 2021இல் ஒருமுறை மாறுகிறவன் ஒரு வருஷம் உட்காரத் தேவையில்லை என்றார்கள். உடனே ஆயிரக்கணக்கில் மாறினார்கள். ‘விசுவாசம் செத்துவிட்டது’ என்று அங்கேயும் ஒப்பாரி. செத்தது விசுவாசம் இல்லை, பூட்டு. கதவைத் திறந்ததும் இத்தனை பேர் வெளியே வருகிறார்கள் என்றால், உள்ளே அவர்கள் எப்படி இருந்தார்கள் என்றல்லவா கேட்க வேண்டும்?

நம் ஊர் சரித்திரத்தையே எடுத்துக்கொள்வோம். வி. ராம்நாராயண் இந்த ஊர்க்காரர், ஆஃப் ஸ்பின்னர். அவருடைய துரதிர்ஷ்டம், அதே காலத்தில் இதே ஊரில் எஸ். வெங்கட்ராகவன் என்று இன்னொரு ஆஃப் ஸ்பின்னர் இருந்தார். 1963இல் முதல்தரக் கிரிக்கெட்டுக்கு வந்த வெங்கட்ராகவன் 1985 வரை ஆடினார். கூடவே வி.வி. குமார், எஸ். வாசுதேவன். இந்த வரிசையில் இன்னொருவர் எங்கே நிற்பது? ஸ்டேட் பாங்க் வேலை ராம்நாராயணை ஹைதராபாத் கொண்டுபோனது. 1975இல், இருபத்தெட்டை ஒட்டிய வயதில், ஹைதராபாத்துக்காக ரஞ்சி ஆடத் தொடங்கி, சில வருஷங்களிலேயே நூறுக்குச் சற்றுக் குறைவான விக்கெட்டுகள் எடுத்தார். சென்னையிலேயே ‘விசுவாசமாக’ உட்கார்ந்திருந்தால் அந்த விக்கெட்டுகள் யாருக்குப் போயிருக்கும்? அவர் சென்னைக்குத் துரோகம் செய்தாரா? பின்னால் இந்த ஊர் கிரிக்கெட்டைப் பற்றி வாஞ்சையோடு புத்தகம் எழுதியவர் அவர்தான்.

மேற்கு மாம்பலத்து அஸ்வின் பத்ம சேஷாத்ரியில் படித்து, பிறகு சாந்தோம் செயின்ட் பீட்ஸுக்கு மாறியவர். சின்னப்பம்பட்டி நடராஜன் சென்னைக்கு வந்து நாலாம் டிவிஷனில் பி.எஸ்.என்.எல். அணி, அப்புறம் விஜய் கிளப், அப்புறம் ஜாலி ரோவர்ஸ் என்று படிப்படியாக ஏறினார். ஒவ்வொரு படியும் ஒரு மாற்றம்தான். ஜெயித்த பிறகு அதை ‘பயணம்’ என்கிறோம். ஜெயிக்காதவன் செய்தால் ‘தாவல்’.

*

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா? இருக்கிறது. பதினோராம் வகுப்பில் வெளியூர்ப் பையன்களை இறக்கிக் கோப்பை வாங்கும் பெரிய பள்ளிகள் உண்டு. அவர்கள் வந்ததும், ஆறாவதிலிருந்து அதே மைதானத்தில் ஓடிய பையன் பெஞ்சுக்குப் போகிறான். பையனை ஒரு கல்லூரியிடமிருந்து இன்னொரு கல்லூரிக்குப் பேசிவிட்டு நடுவில் காசு பார்க்கிற ஆட்களும் உண்டு. முதல் வருஷம் எல்லாம் இலவசம் என்று கூப்பிட்டு, முட்டி போனதும் இரண்டாம் வருஷ ஃபீஸைக் கட்டு என்கிற இடங்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, சம்பளமே போதாத ஒரு பி.டி. மாஸ்டர் காலை ஐந்தரைக்கு எழுந்து வந்து உருவாக்கிய பையனை, எதுவுமே செய்யாத ஒரு பணக்காரப் பள்ளி தூக்கிக்கொண்டு போகிறது. அந்த மாஸ்டரின் வலி உண்மையானது. அதை நான் கிண்டல் செய்ய மாட்டேன்.

ஆனால் அந்த வலிக்கு பில் யார் பெயரில் போட வேண்டும்? கால்பந்தில் இதற்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஃபிஃபா விதிப்படி, ஒரு வீரனை 12 வயதிலிருந்து வளர்த்த சின்ன கிளப்புக்கு, அவன் பெரிய இடத்தில் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போது பயிற்சி இழப்பீடு போகிறது. பின்னால் பணம் கைமாறி நாடு விட்டு நாடு போகும்போது, அந்தத் தொகையில் 5 சதவீதம் அவனை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. அதாவது கணக்கு இரண்டு நிறுவனங்களுக்கு நடுவில். வீரனின் காலில் சங்கிலி இல்லை. நம் ஊரில் இந்தக் கணக்கைப் பேச எந்தப் பள்ளிக்கும் சங்கத்துக்கும் தைரியம் வரவில்லை. அதனால் எல்லாருமாகச் சேர்ந்து பதினாறு வயதுப் பையனை மிரட்டுகிறார்கள்.

சட்டமும் இவர்கள் பக்கம் இல்லை. எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளை வேறு பள்ளி போனால் உடனே டி.சி. கொடுக்க வேண்டும் என்று 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சேர்க்கைக்கு டி.சி.யைக் கட்டாயமாகக் கேட்கக் கூடாது, கட்டண பாக்கியை அதில் எழுதக் கூடாது என்று எல்லாப் பள்ளிகளுக்கும் அறிவுறுத்தும்படி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. அது பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல என்றது நீதிமன்றம். கல்லூரிகள் மாணவர்களின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இலேயே அறிவித்துவிட்டது. இதையெல்லாம் பள்ளி வாசலில் போர்டு எழுதி மாட்டுங்கள் என்கிறேன்.

நான் கேட்பது மூன்றே விஷயம். டி.சி. கேட்டால் ஒரு வாரத்துக்குள் கொடுங்கள். கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்த்தால் மூன்று வருஷத்துக்கும் இலவசம் என்று எழுத்தில் கொடுங்கள், முட்டி உடைந்தாலும். வளர்த்த பள்ளிக்கு ஏதாவது சேர வேண்டுமென்றால், கூட்டிக்கொண்டு போகிற பெரிய பள்ளியிடம் கேளுங்கள். இந்த மூன்றையும் செய்துவிட்டு, அப்புறம் விசுவாசத்தைப் பற்றிப் பேசுங்கள். போகிற வழி திறந்திருக்கும்போது ஒருவன் இருந்தால்தான் அதற்குப் பெயர் விசுவாசம். பூட்டிய அறையில் இருப்பவனுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுக்காதீர்கள்.

டேய், இப்போது உனக்குச் சொல்கிறேன். நீ பண்றது தப்பில்லை. போவதற்கு முன்னால் அந்த பி.டி. மாஸ்டர் வீட்டுக்குப் போய் ஒரு நமஸ்காரம் பண்ணிட்டு வா. கிரிப் எப்படிப் பிடிக்கணும்னு உனக்குக் காட்டியது அவர். அந்த நன்றி அவருக்கு. அலமாரிச் சாவிக்கு இல்லை. புது இடத்திலும் உன்னைவிட நல்ல ஸ்பின்னர் ஒருத்தன் இருக்கலாம். இருந்தால் தெரிந்துகொள். அதுவும் ஆட்டம்தான்.

என் டி.சி. இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பள்ளியிலேயே திரும்பச் சேர்ந்து, பன்னிரண்டாவது முடித்தபோது கொடுத்தது. அங்க அடையாளங்கள் என்ற இடத்தில் இரண்டு மச்சம் எழுதியிருக்கிறார்கள். நடத்தை: நன்று. நான் கீப்பர் என்று அதில் எங்கேயும் இல்லை.