காற்றில் விழுந்த வாழையும் வீட்டு ஜாமும்

களக்காடு, சேரன்மாதேவிப் பக்கத்து வாழைத்தோட்டங்களிற் கோடைக்காற்று அடித்த மறுநாள் வியாபாரிகள் கூறும் விலையைக் குடியானவர்கள் நன்கறிவர். சாய்ந்த மரத்தின் தாரிலும் விளைந்த காய் உண்டு. பழுத்தால் உண்ணத் தக்கதே. ஆயினும் அதிற் பெரும்பகுதி மாட்டுத்தொட்டிக்குப் போகின்றது. தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கோ கடையிலிருந்து ஸ்ட்ராபெரி ஜாம் வருகின்றது!

வாழைப்பழம் ஜாமுக்கு உதவாதென்பர் சிலர். எமது அபிப்பிராயம் வேறு. அதிற் குறைவது புளிப்பே. கொடைக்கானல் மலையில் விளையும் ஸ்ட்ராபெரியிலும், ஜாமை இறுகச் செய்யும் பெக்டின் சத்துக் குறைவாகையால், எலுமிச்சஞ்சாறு சேர்ப்பது வழக்கம். நமக்கோ புளியங்குடி எலுமிச்சை அருகிலேயே கிடைக்கின்றது.

தோலுரித்து மசித்த பழம் ஒரு கிலோவுக்குச் சர்க்கரை 750 கிராம், ஆறு எலுமிச்சையின் சாறு. அடி கனத்த எவர்சில்வர் பாத்திரத்தில் இடைவிடாது கிளறிக் காய்ச்சி, கரண்டியினின்று ஒழுகாமல் தகடாக விழும் பதத்தில், அதாவது 105 டிகிரி சென்டிகிரேடு அளவில், இறக்குக. ஈயம் பூசாத பித்தளை ஆகாது. கொதிநீரிலிட்டெடுத்த புட்டிகளிற் சூட்டோடு நிரப்புக. சர்க்கரையைக் குறைப்பது சிக்கனமன்று. பூசணம் பற்றாமற் காப்பது அதுவே.

கடைச்சரக்கின் பளபளப்பான சிவப்பு இதற்கு வாராது. அதற்காகச் சாயம் கலத்தல் வேண்டா. விற்க விரும்புவோர் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முதலிற் பதிவு செய்துகொள்ள வேண்டும். தொடக்கத்தில் ஒரு சீப்பு மட்டும் காய்ச்சிப் பார்க்க. தார் முழுவதையும் அடுப்பிலேற்றி அடிபிடிக்க விட்டவர்களும் உண்டு.