தொடாதே என்கிறது பலகை!

கண்ணாடிப் பேழை. பேழைக்குள் ஓர் இயந்திரம். இயந்திரத்தின் எதிரே ஒரு பலகை. பலகையில் ஒரே ஒரு சொல்: ‘தொடாதே!’

தோழர்களே! இந்தச் சொல் நமக்குப் புதிதா? கிணற்றடியில் கேட்ட சொல். கோயில் வாயிலில் கேட்ட சொல். தேநீர்க் கடையில் தனிக்குவளை நீட்டியபோது வாய் சொல்லாமல் கை சொன்ன சொல்! அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதைக் குற்றம் என்று அறிவித்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. மனிதனைப் பார்த்துச் சொன்ன இழிசொல்லும், இயந்திரத்தைக் காக்க எழுதிய எச்சரிக்கையும் ஒன்றே என்று நான் சாதிக்க வரவில்லை. முன்னது கொடுமை, பின்னது பெரும்பாலும் மடமை. எனினும், இரண்டுக்கும் அடியில் ஓடுகிற எண்ணம் ஒன்றுதான். ‘இது எங்களுக்கு உரியது, உனக்கு அன்று. எட்ட நின்று பார், வியந்து நில், வீட்டுக்குப் போ!’ என்கிற எண்ணம்.

நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். மேடை அழைத்தது, வீட்டில் பணமும் இல்லை. படித்த அந்தச் சில நாட்களில் பௌதிகச் சோதனைச்சாலை ஒன்றைக் கண்டேன். ஒளிவில்லைகள் பூட்டிய அலமாரிக்குள் உறங்கின. சோதனை நாளன்று பொறுப்பாளர் ஒருமுறை செய்து காட்டுவார். நாற்பது பேர், ஒருவர் தோள் மீது ஒருவராக எட்டிப் பார்ப்போம். பிறகு, முந்திய ஆண்டு மாணவனின் குறிப்பேட்டிலிருந்து அளவுகளைப் பெயர்த்தெழுதுவோம். ஒளி வளைவதை நாங்கள் காணவில்லை. ஒளி வளையும் என்று எழுதினோம். மதிப்பெண் வந்தது, விஞ்ஞானம் வரவில்லை.

சென்ற ஆண்டு, என் அக்காள் மகளை விஞ்ஞானக் கூடம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். ஒன்பது வயதுச் சிறுமி. ஒரு பொறியின் முன் நின்றாள். பொத்தானை அழுத்தினாள், விளக்கு எரிந்தது. “மாமா, ஏன் எரியுது?” என்றாள். சொல்ல ஆளில்லை. அடுத்ததற்குச் சென்றோம்: ‘பழுது’ என்றொரு காகிதம். அதற்கடுத்தது: அதே காகிதம், சற்றுப் பழையது. ஒரு சக்கரத்தைச் சுற்றக் கை நீட்டினாள். “தொடாதே பாப்பா, தள்ளி நில்!” என்று காவலர் குரல் வந்தது. அவர் மீது எனக்குக் கோபமில்லை. உடைந்தால் அவர் சம்பளத்தில் கை வைப்பார்களோ என்ற அச்சம் அவருக்கு! கோபம், தொடுவதற்கென்றே கட்டிய கூடத்தைத் தொழுவதற்குரிய கூடமாக்கிய ஏற்பாட்டின் மீது.

‘தொடு!’ என்றே சொல்லுகிற கூடம் உலகில் உண்டா? உண்டு. அதை உண்டாக்கியவர் யார் என்பதை அறிந்தால், தொடுதல் எத்தனை பெரிய அரசியல் என்பது விளங்கும்.

பிராங்க் ஓப்பன்ஹைமர்! அணுகுண்டின் தந்தை என்று உலகம் அழைத்த ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. தாமும் பௌதிக அறிஞர். 1945 ஜூலை 16-ல் நியூ மெக்சிகோப் பாலைவனத்தில் முதல் அணுகுண்டு வெடித்தபோது அண்ணனுடன் இருந்தவர். மக்கள் அறியாமல், பூட்டிய கதவுகளுக்குள், முத்திரையிட்ட கோப்புகளுக்குள் விஞ்ஞானம் வளர்ந்தால் அது எதைப் பெற்றெடுக்கும் என்பதைக் கண்ணாரக் கண்டவர்.

1949-ல் அமெரிக்கச் சட்டமன்றக் குழுவொன்று அவரை விசாரணைக்கு இழுத்தது. 1930-களின் பிற்பகுதியில் தாமும் தம் மனைவியும் கம்யூனிஸ்டுக் கட்சியில் இருந்ததை அங்கே ஒப்புக்கொண்டார். அதற்கு முன்பு அதை மறுத்திருந்தார் என்பதையும் நான் மறைக்கவில்லை. “உம்முடன் இருந்தவர் யார், யார்? பெயரைச் சொல்!” என்றது குழு. சொல்ல மறுத்தார். விளைவு? மின்னசோட்டாப் பல்கலைக்கழக வேலை போயிற்று. வேறெந்தக் கல்லூரியின் கதவும் திறக்கவில்லை. அணுவைப் பிளக்கும் கலையறிந்த கை, கொலராடோ மலைச்சாரலில் மாடு மேய்க்கச் சென்றது! ஏறத்தாழப் பத்தாண்டுகள்!

‘தொடாதே!’ என்று அவரைப் பார்த்தும் ஒரு பலகை நீண்டது, தோழர்களே! சோதனைச்சாலையைத் தொடாதே, கருவியைத் தொடாதே, மாணவரைத் தொடாதே!

1957-ல் பகோசா ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியராக நுழைந்தார். பின்னர்க் கொலராடோப் பல்கலைக்கழகம் அவரை ஏற்றது. அங்கே, புத்தகங்களை அடுக்கி வைப்பது போலச் சோதனைகளை அடுக்கி வைத்து, மாணவன் விரும்பியபோது வந்து செய்து பார்க்கும் ‘சோதனை நூலகம்’ அமைத்தார். ஐரோப்பா சென்று, மியூனிக், பாரிஸ், லண்டன் விஞ்ஞானக் காட்சியகங்களைச் சுற்றிப் பார்த்தார். 1969-ல் சான்பிரான்சிஸ்கோவில், 1915-ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்கென எழுந்து பின்னர்ப் புதுப்பித்துக் கட்டப்பட்ட கவின்கலை அரண்மனையின் பரந்த கொட்டகையில், எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற கூடத்தைத் திறந்தார். சோதனைச்சாலையிலிருந்து துரத்தப்பட்டவர், எவரையும் துரத்தாத சோதனைச்சாலையைக் கட்டினார். 1985-ல் மறையும் வரை அதை நடத்தினார். 2013-ல் அக்கூடம் நகரின் துறைமுகத்துப் 15-ஆம் எண் துறைமேடைக்கு இடம் பெயர்ந்து, இன்றும் நடக்கிறது.

அங்கே என்ன நடக்கிறது? சிலவற்றைச் சொல்கிறேன், நம் கூடங்களை மனத்தில் நிறுத்திக்கொண்டு கேளுங்கள்.

ஒரு மேசை. மேசை மீது ஒரு மாட்டுக்கண். மேசையருகே பேராசிரியர் இல்லை. பெரும்பாலும் ஓர் இளைஞனோ இளம்பெண்ணோதான். ‘விளக்குநர்’ என்று அவர்களுக்குப் பெயர். பள்ளி மாணவரையே ஊதியம் தந்து அப்பணியில் அமர்த்தும் வழக்கம் தொடக்கந்தொட்டு உண்டு. அந்த இளம்பெண் கத்தியால் கண்ணைக் கீறுகிறாள். தெளிந்த பாகு வழிகிறது. உள்ளிருந்து வில்லையை எடுத்து விரலில் ஏந்துகிறாள். அதை எழுத்தின் மேல் வைத்தால் எழுத்து பெரிதாகிறது! கண்ணின் உட்சுவரில் நீலமும் பச்சையுமாய் மின்னும் ஒரு படலம். இருளில் மாட்டின் கண் ஒளிர்வது ஏன் என்பதற்கு அதுவே விடை; மனிதக் கண்ணில் அது இல்லை. நரம்பு வெளியேறும் புள்ளியையும் காட்டுகிறாள். அங்கே பார்வை கிடையாது. நம் ஒவ்வொருவர் கண்ணிலும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டென்பதை, நூறு பக்கம் படித்தும் நம்பாதவன், அரை மணியில் நம்பிவிடுகிறான்.

இன்னொரு புறம், 1971 முதல் இயங்கும் தொடுகைக் குவிமாடம். உள்ளே சிறு ஒளியும் இல்லை. தவழ வேண்டும், வழுக்கி இறங்க வேண்டும், கையால் தடவித்தான் வழி காண வேண்டும். கோடீசுவரனும் கூலிக்காரனும் அங்கே ஒன்று. அவன் அணிந்த வைரமும் இவன் அணிந்த கந்தலும் இருளில் ஒன்று. கையின் அறிவுக்கே அங்கு மதிப்பு!

மார்ச்சு 14 வந்தால் ஒரு திருவிழா. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருகிற 3.14 என்ற எண்ணுக்கு விழா! 1988-ல் அக்கூடத்துப் பௌதிக அறிஞர் லாரி ஷா தொடங்கியது. அந்த எண்ணின் பெயர் ‘பை’. பழம் பொதித்துச் சுடும் பணியாரத்துக்கும் ஆங்கிலத்தில் அதே ஒலி. ஆகவே பணியாரம் உண்கிறார்கள். எண்ணின் அடுத்த இலக்கங்கள் 1, 5, 9. ஆகவே பகல் 1 மணி 59 நிமிடத்துக்கு, இலக்கங்களை ஏந்தி ஊர்வலம் போகிறார்கள். வலம் வருகிறார்கள், தோழர்களே! எதை? ஓர் எண்ணை! தட்சணை இல்லை, தரகர் இல்லை. அங்கே தொடங்கிய அந்த விளையாட்டைத்தான் 2019-ல் யுனெஸ்கோ அனைத்துலகக் கணித நாளாக ஏற்றது.

நான் நாடகக்காரன், நாடகக்காரன் கண்ணால்தான் இதைப் பார்க்கிறேன். நம் கூடங்களில் பொருள் மேடையில், மக்கள் தரையில். அங்கே மக்களை மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். பார்வையாளன் கை வைக்காமல் அங்கே காட்சியே நடவாது!

சரி. இதைச் சொன்னவுடன் மூன்று பேர் எழுவர். அவர்களை நான் அறிவேன்.

முதலாமவர் சொல்லுவார்: “இதெல்லாம் பிள்ளை விளையாட்டு!”

ஆம் ஐயா, விளையாட்டேதான். காற்றாடி விடுகிற சிறுவனும் விளையாடத்தான் செய்கிறான். காற்றின் விசையை அவன் விரல் அறிகிறது. விளையாட்டென்று இகழ்கிற தாங்கள், விளையாடாமல் மனப்பாடம் செய்து எதைக் கண்டுபிடித்தீர்கள்?

இரண்டாமவர் சொல்லுவார்: “தேர்வுக்கு உதவுமா? மதிப்பெண் தருமா?”

தராது. அதுவே அதன் பெருமை. காட்சியகத்தில் எவரும் தோற்பதில்லை என்பது பிராங்க் ஓப்பன்ஹைமர் வலியுறுத்திய கருத்து. எண்ணிப் பாருங்கள். பள்ளி ஒருவனைத் தோற்றவன் என்கிறது. கல்லூரி ஒருவனைத் தகுதியற்றவன் என்கிறது. பாதியில் நின்ற என்னைப் போன்றவனை ஊர் உதவாக்கரை என்கிறது. ஒரே ஓர் இடம், ‘வா, செய்து பார், தவறினால் மீண்டும் செய்’ என்கிறது. தேர்வுக்கு உதவாதது வாழ்வுக்கு உதவாதா?

மூன்றாமவர் கெட்டிக்காரர். கணக்கோடு வருவார்: “தொட விட்டால் உடைத்துவிடுவார்கள்!”

உடையும். உடையத்தான் செய்யும்! அதற்காகத்தான், சான்பிரான்சிஸ்கோக் கூடத்தில் பட்டறையைப் பின்கட்டில் ஒளிக்காமல், வருவோர் காணும்படி வைத்தார்கள். பொருள் எப்படிச் செய்யப்படுகிறது, உடைந்தது எப்படிச் சீராகிறது என்பதும் அங்கே ஒரு காட்சி! அம்மட்டோ? பொறிகளைச் செய்யும் முறைகளைச் சமையற் குறிப்பு நூல் போல மூன்று தொகுதிகளாக அச்சிட்டு, ‘எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஊரில் செய்யுங்கள்’ என்று உலகுக்கு வழங்கினார்கள். உடைவதற்கு அஞ்சி மூடி வைத்தால், உடைவது பொறியன்று, சிறுமியின் கேள்வி. அதைச் சீராக்க எந்தப் பட்டறை உண்டு?

“அமெரிக்காவைப் புகழ்கிறாயா?” என்று நாலாவது குரல் வரலாம். இல்லை. அந்த மேதையை மாடு மேய்க்க விரட்டியதும் அதே நாடுதான். தொடக்க ஆண்டுகளில் கட்டணமின்றித் திறந்திருந்த அந்தக் கூடத்திலே இன்று சீட்டு வாங்காமல் நுழைய முடியாது. ஏழைக்கு அது எளிதன்று. கதவில் ‘தொடு’ என்று எழுதிவிட்டு, காசில் ‘தொடாதே’ என்று சொல்வதும் ஒருவகைப் பலகையே.

இந்தியாவுக்கு இந்தக் கலை தெரியாததுமன்று. எக்ஸ்ப்ளோரடோரியம் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1965-ல், கல்கத்தாவின் பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகம், விஞ்ஞானப் பொறிகளை வண்டியேற்றி ஊர் ஊராக அனுப்பியது. 1976-ல் அரசியல் சட்டத்தில் 51-ஏ பிரிவு சேர்ந்தது. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்றது. சென்னைக் கோட்டூர்புரத்தில் பெரியார் பெயரால் அறிவியல் மையம் இருக்கிறது. திருநெல்வேலியில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. கட்டடம் உண்டு, சட்டம் உண்டு. பொறிகளை ஓட வைக்கும் கையும், கேட்டால் தமிழில் விடை சொல்லும் வாயும் எல்லா இடத்திலும் எல்லா நாளும் உண்டா என்பதே கேள்வி. கடமையைக் குடிமகனுக்கு எழுதி வைத்த அரசுகள், கருவியை அவன் கையில் கொடுத்தனவா?

ஆகவே தோழர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையைப் படித்து, ‘நன்றாக எழுதியிருக்கிறான்’ என்று மடித்து வைத்துவிடாதீர்கள். வட்டம்தோறும் கிளைதோறும் ஒரு வேலை செய்யுங்கள். உங்களுக்கு அருகிலுள்ள விஞ்ஞானக் கூடத்துக்கு, இதுவரை அதன் வாசலை மிதிக்காத பத்துப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். சேரியிலிருந்து, செங்கற் சூளையிலிருந்து, மீனவர் குப்பத்திலிருந்து! ஓடாத பொறிகளை எண்ணி எழுதுங்கள். பழுது நீக்கப் பட்டறை கேளுங்கள். விளக்குநராக நம் பள்ளிப் பிள்ளைகளையே ஊதியத்தோடு அமர்த்தச் சொல்லுங்கள். மனு கொடுங்கள், மறுத்தால் மேடையேறிக் கேளுங்கள். நம் கட்சியினர் பொறுப்பில் இருக்கும் இடமாயின், இரண்டு மடங்கு உரத்துக் கேளுங்கள்!

என் அக்காள் மகள் அன்று வீடு திரும்பும் வழியில் கேட்டாள்: “மாமா, தொடக்கூடாதுன்னா, எதுக்கு வெச்சிருக்காங்க?”

பத்தாண்டுகளாக மேடையில் பேசும் எனக்கு விடை வரவில்லை. விடை சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும். அதுவரை, அந்தப் பலகையைத் திருப்பி, அதன் மறுபுறத்தில் ‘தொடு!’ என்று எழுதும் வேலை நம்முடையது.