பிடிவாதம் என்று தள்ளாதீர்கள்



ஓட்டிசம் உள்ள பிள்ளை வெறும் சோறும் ஒரே வகை பிஸ்கட்டும் தவிர எதையும் தொடாவிட்டால், "பசித்தால் தானாகச் சாப்பிடும்" என்கிறோம். பசித்தாலும் சாப்பிடாத பிள்ளைகள் உண்டு. பருப்புக் குழம்பின் மணமும் குழகுழப்புமே அவர்களுக்குத் தாங்காது. இத்தகைய உணவுத் தவிர்ப்பை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் தனிக் கோளாறாக வகைப்படுத்தியது. பழமும் மரக்கறியும் அறவே ஒதுக்கிய பிள்ளைகளுக்கு விற்றமின் சி குறைந்து ஸ்கேவி நோய் வந்ததையும் மருத்துவ ஏடுகள் பதிவுசெய்துள்ளன. எனவே கண்டிப் பாடசாலைகளின் விசேட கல்வி அலகுகள் உணவு கொடுக்கும்போது சோற்றையும் கறியையும் பிசையாமல் வேறாக வைக்கட்டும். வீட்டுச் சாப்பாட்டையும் அனுமதிக்கட்டும். எடை குறைந்தால் பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்குச் செல்லுமாறு பெற்றோருக்குச் சொல்லட்டும். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்பர் சிலர். ஒரு பிள்ளை கண்ணாடி போட்டதற்காக வகுப்பே கண்ணாடி கேட்பதில்லையே!

வாசகர்,
கட்டுகஸ்தோட்டை.