யாரைக் கேட்பது?

நாமக்கல்லில் என் சிநேகிதருக்கு லாரித் தொழில். பாரம் ஏற்றிய வண்டி ஒன்று புறப்படத் தயாராக நின்றது.

"கயிறு கட்டியாச்சா?" என்று டிரைவரைக் கேட்டார்.

"கிளீனரைக் கேளுங்க, முதலாளி!"

கிளீனரோ, "டிரைவரண்ணனைக் கேளுங்க!" என்றான். கயிறு சுருட்டியபடியே கிடந்தது.

கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் சிநேகிதரின் மகன் சிரித்தான். "ஹாஸ்கெல் மொழியிலும் இந்தக் கூத்து உண்டு, மாமா!"

1990-ல் வெளிவந்த மொழி அது. இரு பொருள்கள் 'சமமா', 'வேறா' என்று பார்க்க அதில் இரண்டு முறைகள். ஒன்றை நாம் எழுதினால் போதும். மற்றது அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். இரண்டையுமே எழுதாவிட்டால்? இது அதைக் கேட்கும், அது இதைக் கேட்கும். விடை மட்டும் வராது!

ஆகவே, 2014-ல் வந்த ஜி.எச்.சி. 7.8 கம்பைலரில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். 'இவற்றில் ஒன்றாவது அவசியம்' என்று முன்கூட்டியே குறித்து வைக்கலாம். அதுவும் இல்லையென்றால் கம்பைலர் எச்சரிக்கும். ஆனால் எச்சரிக்குமே தவிர, வேலையைத் தடுக்காது.

அங்கேதான் ஆபத்து. முட்டைக் கணக்குக்காகப் பிள்ளையாண்டான் எழுதிய புரோகிராமில் இந்த எச்சரிக்கை வந்ததாம். தொந்தரவு என்று அதன் வாயை அடைத்துவிட்டான். இரவு முழுவதும் கம்ப்யூட்டர் ஓடியது, கணக்கு வரவில்லை. மறுநாள் விட்டுப்போன ஒரு வரியைச் சேர்த்த பிறகே விமோசனம்!

யார் செய்தாலும் சரி என்று விடும் வேலையை, யாராவது ஒருவர் செய்துதானே ஆகவேண்டும்? மணியின் நாக்கைக் கட்டிவிட்டால் பாரத்துக்குக் கயிறு கட்டியதாகுமா, சொல்லுங்கள்!