பத்து மணிக்கு மேல்

இரவு 10 மணிக்கு மேல் ரயில் பெட்டியில் சத்தமாகப் பாட்டுக் கேட்கக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது என்று ரயில்வே 2022இல் அறிவுறுத்தியது. ஆனாலும் தென்மாவட்ட ரயில்களின் ஸ்லீப்பர் பெட்டிகளில் நள்ளிரவிலும் யாரோ ஒருவரின் கைபேசியில் ரீல்ஸ் அலறுகிறது. கைக்குழந்தையைத் தூங்கவைக்கப் போராடும் தாய், விடிந்ததும் நேர்காணலுக்குப் போகவேண்டிய இளைஞர், ஆஸ்பத்திரிக்குச் செல்லும் முதியவர் எல்லாரும் வாய்மூடிப் பொறுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பொறுமையைச் சம்மதம் என்று நினைப்பது கொடுமை. டிக்கெட் எடுத்தவருக்கு உரிமை ஒரு பெர்த்துக்குத்தான், பெட்டி முழுவதற்கும் அல்ல. டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லலாம், ரயில்வே உதவி எண் 139க்கு அழைக்கலாம். அதற்கு முன், “அண்ணே, இயர்போன் போட்டுக்குங்க” என்று ஒருவர் கேட்கட்டும். அவரைத் தனியே விடாமல் மற்றவர்களும் குரல் கொடுக்க வேண்டும்.