கதவடைத்த மலைக்குக் கள்ளப் பாதை வேண்டாம்

வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் கேரளத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு விருந்தினர் வருகையும் தொடங்கிவிடும். மதுரை, தேனி, கோவை, சென்னை என எல்லாத் திசைகளிலிருந்தும் உறவினர் வருவார்கள். "சித்தப்பா, நீங்க இந்த ஊர்லயே இருக்கீங்க, எங்களை மலைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நாமும் உற்சாகமாகக் கிளம்பிவிடுவோம்.

போய்ப் பார்த்தால் இராஜமலை மூடியிருக்கும். 'பிரவேசனம் நிரோதிச்சிரிக்குன்னு' என்று பலகை தொங்கும். வந்தவர்கள் முகம் வாடும். அப்போதுதான் யாராவது ஒருவர், "எஸ்டேட் வழியா ஒரு பாதை இருக்கு, ஒருத்தரும் கேட்க மாட்டாங்க" என்பார். அந்த ஒரு பேச்சைப் பற்றித்தான் வாசக அன்பர்களோடு சற்றுச் சிந்திக்க விரும்புகிறேன்.

மலையை ஏன் மூடுகிறார்கள்? இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடுவது வரையாடுகள் குட்டி ஈனும் காலம் என்பதால். வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. பிறந்த குட்டியோடு நிற்கும் தாய் மனித நடமாட்டம் கண்டு மிரண்டால், பாறைச் சரிவில் குட்டிக்கு ஆபத்து. அதே மாதங்களில் புல்வெளிகள் காய்ந்து, ஒரு தீக்குச்சிக்குக் காத்திருக்கும். மழைக்காலத்திலோ மண் சரியும். 2020 ஆகஸ்டு 6 ஆம் தேதி இரவு, இராஜமலைக்கு அருகிலுள்ள பெட்டிமுடியில் சரிந்த மண் 70 பேரைக் கொண்டுபோனது. பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களாலும் அதை எதிர்கொள்ள முடியவில்லை என்றால், ஒரு நாள் பார்வைக்கு வருபவர்கள் எம்மாத்திரம்?

குரங்கணியை நாம் மறந்துவிடக் கூடாது. போடிநாயக்கனூருக்கு மேலே, இடுக்கி எல்லையை ஒட்டிய மலை அது. 2018 மார்ச் மாதம் சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் கொழுக்குமலைக்கு ஏறி இரவு தங்கி, மறுநாள் 11 ஆம் தேதி இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் படித்த, வேலையிலிருந்த இளைஞர்கள். முதலில் ஓடிப்போய் உதவியவர்கள் குரங்கணி ஊர் மக்கள். பிறகு விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. எந்தப் பாதைக்கு அனுமதி இருந்தது என்பதே பின்னர் பெரிய கேள்வியாயிற்று. தீ சமவெளியைவிடச் சரிவில் மேல்நோக்கி வேகமாக ஏறும். அதற்கு முன்னால் மேலே ஓடித் தப்புவது மிகக் கடினம்.

பாலக்காட்டு அன்பர்களுக்கு மலம்புழை நினைவிருக்கும். 2022 பிப்ரவரியில் நண்பர்களோடு குறும்பாச்சி மலைக்குப் போன ஓர் இளைஞர் தவறி விழுந்து பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டார். நாற்பது மணி நேரத்துக்கும் மேலாக உணவும் தண்ணீரும் இல்லை. ஹெலிகாப்டரால் நெருங்க முடியவில்லை. இராணுவ வீரர்கள் கயிறு கட்டி இறங்கித்தான் மீட்டார்கள். ஒருவருக்காக எத்தனை பேர் உயிரைப் பணயம் வைத்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. கொரோனா காரணமாக 2020 மார்ச்சில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பனிச்சறுக்கு மையங்களை மூடினார்கள். உடனே பலர் காவலில்லாத பனிமலைச் சரிவுகளுக்குப் போகத் தொடங்கினர். அந்த மாதமே இருவர் சறுக்கிய இடத்தில் பனிச்சரிவு ஏற்பட்டுக் கீழே இருந்த சாலையை மூடியது. பாதுகாக்கப்பட்ட இடம் மூடப்பட்டால், பாதுகாப்பில்லாத இடம் மட்டும் எப்படிப் பாதுகாப்பாகிவிடும்?

"அனுமதி என்பதெல்லாம் பணம் பறிக்கும் வேலை" என்பார் சிலர். கட்டணம் கூடுதல் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பணத்தில் வழிகாட்டி ஒருவர் உடன் வருகிறார். நாம் திரும்பாவிட்டால் தேட ஆளிருக்கிறது. மீசைப்புலிமலைக்குக் கேரள வன வளர்ச்சிக் கழகம் முன்பதிவு செய்து அழைத்துச் செல்கிறது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படி திறந்தது. குரங்கணியிலிருந்து சாம்பலாறு செல்லும் பாதையும் அவற்றில் ஒன்று. மலைவாழ் இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டுகிறார்கள். ஆகவே மலைக்கே போகாதீர்கள் என்பதல்ல என் வாதம். முறையாகப் போங்கள் என்பதே.

எல்லையோரத்தில் வாழும் நாம் இன்னொன்றையும் அறிய வேண்டும். கொழுக்குமலைக்கு ஜீப் ஏறுவது இடுக்கி மாவட்டச் சூரியநெல்லியில். தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில். பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டம். சாலையோ பொள்ளாச்சி, சேத்துமடை வழி. ஒரு மாநிலத்துச் சீட்டு அடுத்த மாநிலத்துக் காட்டில் செல்லாது. கிளம்புவதற்கு முதல் நாளே இரு பக்கத்து வனத்துறை அலுவலகங்களிலும் கேட்டுவிடுவது நல்லது. மழை எச்சரிக்கை உள்ள நாட்களில் மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பையும் பார்க்க வேண்டும்.

அனுமதி கிடைத்த பிறகும் சில ஒழுங்குகள் உண்டு. காட்டுத்தீக் காலத்தில் பருத்தி உடையே நல்லது. நைலான் உருகித் தோலில் ஒட்டும். ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது. பகல் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். சின்னக்கானல், சூரியநெல்லிப் பக்கம் யானை நடமாடும். அந்தி சாய்ந்தபின் நடக்கவே கூடாது. மலையில் செல்போன் எடுக்காது. ஆகவே எந்த வழி, எத்தனை பேர், எப்போது திரும்புவது என்று எழுதி வீட்டிலிருக்கும் ஒருவரிடம் கொடுத்துப் போக வேண்டும். சொன்ன நேரத்துக்கு வரவில்லையென்றால் அவர் 112க்குச் சொல்லட்டும்.

வருகிற உறவினருக்கு மலையாளப் பலகை படிக்கத் தெரியாது. இங்கே பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்களே அதை வாய்விட்டுப் படித்து, "இன்று வேண்டாம், அடுத்த முறை வாருங்கள்" என்று சொல்லட்டும். பெரியவர்கள் அதற்குத் துணை நிற்போம். நம்மை நம்பி வந்தவர்களை முழுதாக ஊருக்குத் திருப்பி அனுப்புவதும் விருந்தோம்பலில் சேர்ந்ததுதானே!