வேலையில்லாமல் நின்ற ரி.வி. கபினட்



உங்கள் வீட்டு முன் மண்டபத்தைச் சற்று நோக்குங்கள். மூலையில் பெரிய மரக் கபினட் ஒன்று நிற்கிறதா? நடுவில் ரி.வி. வைக்க ஓர் அகன்ற அறை, அதன் கீழே வீடியோ டெக் வைக்க ஒரு தட்டு, அடியில் இரண்டு லாச்சிகள், முன்னால் இரண்டு கதவுகள். இலங்கை ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் வசதியான வீடுகளில் இத்தகைய கபினட் ஒரு கௌரவப் பொருளாக இருந்தது. அரபு நாடுகளுக்கு உழைக்கப் போனவர்கள் ரி.வி.யைக் கொண்டு வந்தார்கள்; ஊர் ஓடாவி அதற்கு ஒரு கபினட் செய்து கொடுத்தார். பின்னர் தட்டையான ரி.வி. வந்து சுவரில் ஏறிக்கொண்டது. கபினட் மட்டும் வேலையில்லாமல் நின்றுவிட்டது.

இன்று அதற்குள் என்ன இருக்கிறது? பழைய பத்திரிகைகள், உடைந்த மின்விசிறி, எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத சாவிகள். அடுத்த அறையிலோ பிள்ளைகளின் உடுப்புகள் கதிரையில் குவிந்து கிடக்கின்றன. அலுமாரி ஒன்று வேண்டும் என்று நீங்கள் கேட்டு ஒரு வருடம் ஆகியிருக்கும்.

இந்த மாதம் இந்த இரண்டையும் சேர்த்துப் பேசுவோம். என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

பையில் கழிந்த காலம்

எங்கள் ஊர் முல்லைத்தீவு மாவட்டத்தில் தண்ணீரூற்றுப் பக்கம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்குப் பதினொரு வயது. 70,000க்கும் அதிகமான மக்கள் கையில் எடுக்க முடிந்ததோடு ஊரை விட்டுப் போனார்கள். எங்கள் உம்மா ஒரு பச்சைப் பயணப் பையில் ஐந்து பேருடைய உடுப்பை அடக்கினார். புத்தளத்தில் ஓலைக் கொட்டில். அங்கே அலுமாரி ஏது? பையிலிருந்து எடுத்து உடுப்பது, கழுவிக் காயவைத்து மறுபடி பையில் வைப்பது. அகதி வாழ்வில் எங்கள் பெண்களுக்கு இதுவே வழக்கமாயிற்று.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. காடு மண்டிக் கிடந்த காணியைத் துப்புரவாக்கிக்கொண்டு திரும்பி வந்தோம். வீடு எழும்பியது, கட்டில் வந்தது, மேசை வந்தது. உடுப்புகள் மட்டும் பைகளிலும் பெட்டிகளிலுமே இருந்தன. அலுமாரிக்குக் காசு சேர்ந்த நேரம் 2022ஆம் ஆண்டு நெருக்கடி வந்தது. 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாவைத் தொட்டது. பலகையிலிருந்து ஆணி வரை விலை ஏறியது. கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு நானும் மனைவியும் ஒன்றும் பேசாமல் வீடு வந்து சேர்ந்தோம்.

அந்த வாரம் புத்தளத்திலிருந்து ராத்தா தொலைபேசியில் பேசினார். "தம்பி, இந்த ரி.வி. கபினட் இடத்த அடைச்சிக்கிட்டு நிக்கிது. விறகுக்குக் கொத்துவமா எண்டு மச்சான் கேக்குறாரு" என்றார். நல்ல தேக்கு மரம்! அதை அடுப்பில் வைப்பதா? உறவினர் ஒருவரின் லொறியில் அது அனுராதபுரம், வவுனியா, மாங்குளம் வழியாக எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

முதலில் மரத்தைச் சோதியுங்கள்

செலவு செய்யுமுன் கபினட் அதற்குத் தகுதியானதா என்று பாருங்கள். கால்களையும் அடிப்பலகையையும் ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் கறையான் தின்றிருக்கிறது. சிறு துளைகளும் அவற்றின் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் வண்டு துளைத்திருக்கிறது. ஒரு பலகை மட்டும் பழுதென்றால் அதை மாற்றலாம். நாலு பக்கமும் பழுதென்றால் விட்டுவிடுங்கள்.

தேக்கு, முதிரை, மகோகனி என்றால் கவலையில்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை என்றால் யோசியுங்கள். அது ஒரு முறை நனைந்து ஊதிவிட்டால் பழைய நிலைக்கு வராது. ஸ்குரூ கழன்ற துளையில் மறுபடி ஸ்குரூ பிடிக்காது.

அளவு சொல்லும் சேதி

சாதாரண ஹேங்கர் ஒன்று 17, 18 அங்குல அகலம். அதில் சட்டையைப் போட்டுக் கதவை மூடுவதற்கு உள்ளே 22 அங்குல ஆழம் தேவை. பழைய ரி.வி.க்குப் பின்னால் படக்குழாய் நீண்டிருந்ததால் அந்தக் கால கபினட்டுகள் ஆழமாகவே செய்யப்பட்டன. எங்களுடையது சரியாக 22 அங்குலம். உங்களுடையது 18 அங்குலம்தான் என்றால், கம்பியைப் பக்கவாட்டில் போடாமல் பின்னிருந்து முன்னோக்கிப் போடுங்கள். உடுப்பு முகத்தைக் காட்டி நிற்கும், கதவும் மூடும்.

அடுத்தது உயரம். எங்கள் ரி.வி. அறை 30 அங்குலம், டெக் தட்டு 8 அங்குலம். நடுப்பலகையை அறுத்து எறிந்தால் 38 அங்குலம் கிடைக்கும் என்று நான் கணக்குப் போட்டு, வாளையும் எடுத்துவிட்டேன். அப்போது முள்ளியவளையிலிருந்து வந்த ஓடாவியார் என் கையைப் பிடித்தார். "மௌலவி, அது ரி.வி.யைத் தாங்க மட்டும் போட்ட பலகை இல்லை. இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதும் அதுதான். அதை எடுத்தால் அலுமாரி ஆடும்" என்றார். கிதாபு படித்தவனுக்குத் தெரியாதது கைத்தொழில் தெரிந்தவருக்குத் தெரிந்தது.

அவர் அந்தப் பலகையைக் கழற்றி, டெக் தட்டு இருந்த இடத்துக்கு இறக்கி, பக்கத்துக்கொரு சட்டம் வைத்து ஸ்குரூவால் இறுக்கினார். பிடிப்பும் போகவில்லை, 38 அங்குலமும் கிடைத்தது. மேலே ஓர் அங்குலக் குழாய் குறுக்கே போட்டார். குழாய் நாலு அடிக்கு மேல் நீளமானால் நடுவில் ஒரு தாங்கி கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாரத்தில் வளைந்துவிடும்.

38 அங்குலத்தில் ஆண்களின் சட்டையும் பாடசாலைச் சீருடையும் தாராளமாகத் தொங்கும். அபாயாவுக்கு 5 அடி வேண்டுமே என்று என் மனைவி கவலைப்பட்டார். அபாயாவை நீளவாட்டில் மடித்து ஹேங்கரின் குறுக்குக் கம்பியில் பாதிப் பாதியாகப் போட்டால் 30 அங்குலம் போதும். சாறியையும் அப்படியே போடலாம்.

முதுகும் காற்றும்

ரி.வி. வயர் போவதற்காகவும் சூடு வெளியேறுவதற்காகவும் முதுகுப் பலகையில் ஓட்டைகள் இருக்கும். அவற்றை முழுதாக அடைக்க வேண்டாம். நெருக்கமான கம்பி வலையை வெட்டி உட்பக்கமாக அடித்துவிடுங்கள். காற்று வரும்; பல்லியும் கரப்பானும் வராது. வன்னியில் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மாரி மழை. அந்த நாட்களில் காற்றில்லாத அலுமாரியில் உடுப்பு பூஞ்சணம் பிடிக்கும். அலுமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். கால்களுக்குக் கீழே சிறு கட்டை வையுங்கள். அரை ஈரத்தோடு எந்த உடுப்பையும் உள்ளே வைக்காதீர்கள்.

பழைய மெழுகும் அழுக்கும் போக, சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். நன்கு காய்ந்தபின் மரத்தின் இழை ஓடும் பக்கமாகவே அரத்தாளால் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல் வார்னிஷுக்கு மேலாலும் தெரியும். வார்னிஷ் பூசியபின் வாடை முழுதாகப் போகும்வரை கதவைத் திறந்து போடுங்கள். நாங்கள் பத்து நாட்கள் பொறுத்தோம்.

பூச்சிக்கு நப்தலீன் உருண்டை போடுபவர்கள் கவனியுங்கள். சிறு பிள்ளை அதை மிட்டாய் என்று விழுங்கினால் இரத்தத்தின் சிவப்பணுக்கள் அழிந்து உயிருக்கே ஆபத்தாகும். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைப்பது நம் மூத்தம்மாமார் காட்டிய வழி. எங்கள் வீட்டில் அதுதான்.

மறக்கக் கூடாத இரண்டு

ஒன்று, அலுமாரியைச் சுவரோடு பிணையுங்கள். முன்பு கனமான ரி.வி. நடுவில் இருந்து கபினட்டை அசையாமல் வைத்திருந்தது. இப்போது அந்தப் பாரம் இல்லை. பிள்ளை லாச்சியை இழுத்துப் படிபோல ஏறினால் முழு அலுமாரியும் முன்னால் சாயும். 2016இல் அமெரிக்காவில் ஐக்கியா நிறுவனம் சுமார் 2 கோடி 90 இலட்சம் லாச்சிப் பெட்டகங்களைத் திருப்பி அழைத்தது இதனால்தான். அவை சாய்ந்து குழந்தைகள் இறந்திருந்தார்கள். மேலே இரண்டு எல் வடிவ இரும்புத் துண்டுகளால் பிடித்துவிட்டால் போதும்.

இரண்டு, பழைய ரி.வி.யைப் பிள்ளைகள் உடைக்க விடாதீர்கள். படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. கிணற்றடியிலோ குப்பைக் குழியிலோ போடாமல், மின்னணுக் கழிவு சேகரிக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள்.

உள்ளே வைக்குமுன்

சகோதரிகளே, அலுமாரி தயாரானதும் எல்லாவற்றையும் அள்ளி உள்ளே திணிக்க வேண்டாம். கட்டிலில் கொட்டி மூன்றாகப் பிரியுங்கள். உடுப்பவை ஒரு பக்கம். தைத்துச் சரிசெய்ய வேண்டியவை ஒரு பக்கம். ஒரு வருடமாக உடுக்காதவை ஒரு பக்கம்.

மூன்றாவது குவியலைக் கொடுத்துவிடலாம். ஆனால் எப்படிக் கொடுப்பது? புத்தளம் முகாமில் நாங்கள் வாங்கும் கையாக இருந்தவர்கள். ஒரு பெருநாளுக்கு மூட்டையில் வந்த உடுப்புகளில் பாதிக்குப் பொத்தான் இல்லை. சிலது கழுவப்படவும் இல்லை. உம்மா அவற்றை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துவிட்டு, "ஊசி நூல் வாங்கக் காசில்லாத ஆளுக்கிட்ட பொத்தான் இல்லாத சட்டையக் குடுத்தா என்ன செய்யிற?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை. கொடுப்பதை விரும்பத்தக்கதாகக் கொடுக்கச் சொல்கிறது நம் மார்க்கம். கழுவி, தைத்து, மடித்துக் கொடுங்கள்.

பழையதை மாற்றிப் பயன்படுத்துவது வறுமையின் அடையாளம் என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் வீட்டில் உருவங்கள் உள்ள திரைச்சீலை ஒன்று தொங்கியது. நபி (ஸல்) அவர்கள் அதை விரும்பவில்லை. அன்னையவர்கள் அந்தத் துணியைத் தலையணைகளாக்கினார்கள்; நபியவர்கள் அவற்றில் சாய்ந்திருந்தார்கள். புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் இந்தச் செய்தி வருகிறது. இதில் சட்டம் படிப்பவர்கள் உருவங்கள் பற்றிய சட்டத்தைப் படிப்பார்கள். இல்லத்தரசி படிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: ஒரு பொருளுக்கு ஒரு வேலை முடிந்ததும் அந்த வீட்டில் அது வீசப்படவில்லை.

எங்களுக்கு மொத்தச் செலவு, புது அலுமாரிக்குக் கடைக்காரர் கேட்டதில் ஐந்தில் ஒரு பங்கும் இல்லை. மகளின் வெள்ளைச் சீருடை காலையில் சுருக்கமில்லாமல் தொங்குகிறது. மனைவியின் தொழுகை உடை மேல்தட்டில் தனியாக இருக்கிறது.

உம்மாவுக்கு ஒரு லாச்சியை ஒதுக்கினோம். முதல் இரண்டு மாதம் அது வெறுமையாகவே கிடந்தது. அவருடைய உடுப்பு கட்டிலுக்குக் கீழே, அந்தப் பச்சைப் பையில்தான். "எடுத்து வைங்கம்மா" என்று மருமகள் சொன்னால், "இரிக்கட்டும் மகள், கைக்கெட்டுற இடத்துல இரிக்கட்டும்" என்பார். முப்பது வருடங்களுக்கு மேலான பழக்கம். ஒருமுறை வீட்டை விட்டுப் போகச் சொல்லப்பட்டவருக்கு, உடுப்பை லாச்சியில் அடுக்குவது லேசான காரியமில்லை. நான் வற்புறுத்தவில்லை.

போன ரமழானில் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தேன். லாச்சி நிறைய உம்மாவின் சாறிகள், முக்காடுகள், வேப்பிலை முடிச்சு. பச்சைப் பையை மட்டும் எறியவில்லை. அதை மடித்து, எல்லாவற்றுக்கும் அடியில் வைத்திருந்தார். நானும் பார்த்தும் பாராததுபோல லாச்சியை மூடிவிட்டேன்.

உங்கள் வீடுகளையும் அல்லாஹ் அமைதியும் பரக்கத்தும் உள்ள வீடுகளாக்குவானாக. ஆமீன். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.